சுன்னாகத்துத் தூளைக் கூகிளுக்கு ஏன் தெரியேல்லை?

கேள்வி: அண்ணா, நானும் அம்மாவும் யாழ்ப்பாணம் சுன்னாகத்தில வீட்டில வைச்சு மிளகாய்த்தூள், சரக்குத்தூள், காய்ஞ்ச பனங்கிழங்கில இடிக்கிற ஒடியல்மா, வடகம் எல்லாம் செய்து விக்கிறம். சொந்தக்காரர் மூலமா கனடாவுக்கும் லண்டனுக்கும் கொஞ்சம் போகுது, ரொரன்ரோவில ஸ்காபரோப் பக்கம் ஒரு கடையும் எங்கட தூளை எடுத்து விக்குது. போன வருசம் ஒரு தம்பியைப் பிடிச்சு வெப்சைட் ஒண்டு செய்தனாங்கள், 14 மாசமாகுது, அதால ஒரு ஓடர் கூட வரேல்லை. கூகிளில எங்கட கடைப்பேரை அடிச்சாலே வருகுதில்லை. பேஸ்புக்கில காசு கட்டிப் பூஸ்ட் பண்ணினால் லைக் விழுகுது, சாமான் போகுதில்லை. இப்ப ஒரு கம்பனிக்காரர் போன் எடுத்து, மாசம் 45,000 ரூபா கட்டினால் வேற வேற சைட்டுகளில இருந்து எங்கட சைட்டுக்கு 5,000 லிங்க் போட்டு மூண்டு மாசத்தில முதல் பக்கத்துக்குக் கொண்டு வருவினமாம். அம்மா தன்ர காப்பை அடகு வைச்சாவது கட்டுவம் எண்டு நிக்கிறா. கட்டலாமோ?

பதில்:

தங்கச்சி, முதல்ல அம்மாட காப்பை எடுத்துத் திருப்பி அலுமாரிக்குள்ள வையுங்கோ. கட்ட வேண்டாம். மூண்டு மாசத்தில முதல் பக்கம் எண்டு ஒருத்தரும் எழுதித் தர ஏலாது, முதலாமிடத்துக்கு ஆராலயும் உத்தரவாதம் குடுக்க ஏலாது எண்டு கூகிளே தன்ர உதவிப் பக்கத்தில எழுதி வைச்சிருக்கு. ஒழுங்கான வேலை செய்தாலே பலன் தெரிய நாலு மாசத்தில இருந்து ஒரு வருசம் எடுக்கும் எண்டும் 2017 இல அவையள் ஒரு வீடியோவில சொல்லியிருக்கினம். போன் எடுத்த ஆள் கூகிளை விடக் கெட்டிக்காரன் எண்டால் அவன் என்னத்துக்குச் சுன்னாகத்துக்குப் போன் எடுத்துக்கொண்டிருக்கிறான்?

நீங்கள் அனுப்பின முகவரியை நேற்று இரவு சாப்பிட்டிட்டு ஒரு அரை மணித்தியாலம் வடிவாத் திறந்து பாத்தன். முதல்ல ஒரு சின்னச் சோதனை செய்தன், நீங்களும் செய்து பாக்கலாம். கூகிளில சைட் எண்டு ஆங்கிலத்தில அடிச்சு, இடைவெளி விடாமல் ஒரு முக்காற்புள்ளி போட்டு, அதோட ஒட்டி உங்கட வெப்சைட் முகவரியை அடியுங்கோ. உங்கட சைட்டில இருந்து கூகிள் எடுத்து வைச்சிருக்கிற பக்கங்கள் அதில வரும், எல்லாம் வரும் எண்டில்லை, ஆனால் ஒண்டிரண்டாவது வரவேணும். உங்களுக்கு ஒண்டும் வரேல்லை. பூச்சியம். அதாவது நீங்கள் பத்தாம் பக்கத்திலயோ நூறாம் பக்கத்திலயோ இல்லை, கூகிளின்ர கொப்பியிலயே உங்கட பேர் இல்லை. பேரே பதியாத பிள்ளைக்கு ரியூசன் குடுக்கிறன், முதலாம் பிள்ளையாக்கிறன் எண்டு காசு கேட்ட மாதிரித்தான் அந்தக் கம்பனிக்காரரின்ர கதை.

ஏன் பதியேல்லை எண்டு உள்ளுக்குப் பாத்தால் எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் வயித்தெரிச்சலும் வந்தது. உங்கட சைட் வேர்ட்பிரஸ் எண்ட சைட் கட்டுற மென்பொருளில செய்தது. அதில செட்டிங்ஸுக்குள்ள ரீடிங் எண்டு ஒரு பகுதி கிடக்கு, அங்க அடியில ஒரு சின்னப் பெட்டி, தேடுபொறிகளே இந்தச் சைட்டைப் பதியாதேயுங்கோ எண்ட கருத்தில ஒரு வரி அதுக்குப் பக்கத்தில இருக்கும். வேலை முடியாத சைட்டை ஊர் பாக்கக் கூடாது எண்டு கட்டுற காலத்தில அதில ரிக் போட்டு வைக்கிறது வழக்கம், முடிஞ்ச உடன எடுத்துவிட வேணும். அந்தத் தம்பி எடுக்க மறந்திட்டார். பக்கத்தின்ர கோடைத் திறந்து பாக்க ஒவ்வொண்டிலயும் நோஇண்டெக்ஸ், அதாவது பதியாதே, எண்டு நிக்குது. 14 மாசமா உங்கட கடை வாசலில 'உள்ளே வராதே' எண்டு போர்ட் தொங்கிக்கொண்டிருந்திருக்கு, நீங்கள் உள்ளுக்குள்ள விளக்குக் கொழுத்தி வைச்சுப் பாத்துக்கொண்டு இருந்திருக்கிறியள். தம்பியை ஏசாதேயுங்கோ. 2016 இல நானும் ஒரு விருந்தினர் விடுதிக்கு இதே பிழையை விட்டு, மூண்டு மாசம் கழிச்சு அவை போன் எடுத்துக் கேட்ட பிறகுதான் கண்டுபிடிச்சன், அந்த மூண்டு மாசக் காசையும் திருப்பிக் குடுத்தனான், இண்டைக்கும் புதுச் சைட் ஒண்டு திறந்தால் முதல்ல போய்ப் பாக்கிறது அந்தப் பெட்டியைத்தான்.

ஆகவே ரிக்கை எடுங்கோ. அதுக்குப் பிறகு கூகிள் உங்கட சைட்டை எப்பிடிப் பாக்குது எண்டு காட்டுற கூகிள் சேர்ச் கொன்சோல் எண்டு ஒண்டு இருக்கு, சதம் காசு இல்லை, அதில உங்கட சைட்டைப் பதிஞ்சு சைட்மப்பை, அதாவது சைட்டில இருக்கிற பக்கங்களின்ர பட்டியலை, குடுங்கோ, முக்கியமான நாலைஞ்சு பக்கத்தை ஒவ்வொண்டா முகவரி போட்டுப் பதியச் சொல்லிக் கேளுங்கோ. சில நாளில வரும், சிலவேளை ரெண்டு மூண்டு கிழமையும் இழுக்கும். கடைப்பேரை அடிச்சால் நீங்கள் வாறதுக்கு அனேகமா இது மட்டும் காணும். 45,000 ரூபா வேலை இல்லை, அஞ்சு நிமிச வேலை.

ஆனால் கடைப்பேரை அடிச்சு ஆர் தேடப் போகினம் சொல்லுங்கோ, ஏற்கனவே உங்களைத் தெரிஞ்ச ஆக்கள்தானே. உங்களைத் தெரியாத ஆள் வரவேணும். அங்கதான் ரெண்டாவது கோளாறு.

உங்கட ஒடியல்மாப் பக்கத்தில விபரம் எல்லாம் வடிவாத்தான் இருக்கு, ஆனால் அது எழுத்தில்லை, படம். பாமினி எண்ட பழைய தமிழ் ஃபொன்டில அடிச்சு, பூ வேலை எல்லாம் போட்டு, படமாக்கி ஏத்தியிருக்கிறியள். எங்கட ஊரில கல்யாணக் காட்டும் கண்ணீர் அஞ்சலி நோட்டீசும் பாமினியில அடிச்சுப் பழகின கை, விடாது. ஆனால் படத்துக்குள்ள கிடக்கிற எழுத்தை நம்பிக் கூகிள் உங்களைத் தேடலில காட்டும் எண்டு இருக்க ஏலாது. வடகப் பக்கத்தில இன்னும் விசேசம், அங்க படமாக்காமல் பாமினி எழுத்தை அப்பிடியே ஒட்டியிருக்கு. பாமினி கண்ணுக்குத்தான் தமிழ், உள்ளுக்குள்ள அது ஆங்கில எழுத்து, அந்த ஃபொன்ட் இல்லாத போனில திறந்தால் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாத் தெரியும், கூகிளுக்கும் அந்தக் கிறுக்கல்தான் தெரியும், ஆகவே வடகம் எண்டு தேடுற ஆளுக்கு உங்களைக் காட்ட அதுக்கு ஒரு வழியும் இல்லை. எல்லாத்தையும் யூனிகோட்டில, அதாவது எந்தப் போனிலயும் தமிழாவே தெரியிற எழுத்தில, திருப்பி அடியுங்கோ. போனில வட்ஸ்அப்பில தமிழ் அடிக்கிறியள் தானே, அது யூனிகோட்தான், அதையே கொப்பி பண்ணி ஒட்டினாலே காணும். படத்தையும் விடாதேயுங்கோ, ஆனால் போனில எடுத்த படியே ஆறேழு எம்பியில ஏத்தாமல் சின்னனாக்கி ஏத்துங்கோ, ஸ்காபரோவில பஸ்ஸுக்க நிண்டு திறக்கிற பிள்ளை உங்கட பாரமான படம் இறங்கும் வரைக்கும் காத்துக்கொண்டு நிக்காது. பக்கத்தைத் திறந்தோடன கண்ணில படுற ஆகப் பெரிய படமோ எழுத்துத் துண்டோ ரெண்டரைச் செக்கனுக்குள்ள வரவேணும் எண்டது கூகிள் வைச்சிருக்கிற கணக்கு.

சரி, இப்ப நீங்கள் கேக்காமல் விட்ட கேள்விக்கு வாறன், எனக்கு உண்மையில சொல்ல வேண்டியதும் இதுதான். ஆக்களைக் கூப்பிடுறதுக்கும் ஆக்கள் வாறதுக்கும் வித்தியாசம் இருக்கு. ஓட்டோவில ஸ்பீக்கரைக் கட்டி ஒழுங்கை ஒழுங்கையா அறிவிச்சுக்கொண்டு போறது ஒரு வகை. பேஸ்புக் பூஸ்ட் அந்த வகைதான், ஒராள் தன்ர மச்சாளின்ர கல்யாணப் படம் பாத்துக்கொண்டிருக்கேக்க நடுவில உங்கட தூள் பக்கெட் போய் நிக்குது, பாவம் எண்டு ஒரு லைக் போட்டிட்டு அங்கால போவார். அதோட நீங்கள் அனுப்பின ஸ்கிரீன்ஷொட்டைப் பாத்தன், பூஸ்டுக்கு இடம் எண்டு யாழ்ப்பாணத்தைச் சுத்தி 25 கிலோமீற்றரைக் குடுத்திருக்கிறியள். தங்கச்சி, இங்க கனக்க வீட்டில செத்தல் மிளகாயையும் மல்லியையும் தாங்களே வறுத்து மில்லுக்குக் கொண்டுபோய் அரைக்கிற சனம். அவைக்குத் தூளைக் காட்டி என்ன பிரயோசனம்? பூஸ்ட் பண்ணத்தான் வேணும் எண்டால் ரொரன்ரோவையும் லண்டனையும் குடுங்கோ, ஆனால் இப்போதைக்கு அதையும் நிப்பாட்டி வையுங்கோ.

மற்ற வகை, இரவு பத்து மணிக்கு லண்டன் ஹரோவிலயோ ஓஸ்லோவிலயோ ஒரு பிள்ளை கையில போனை வைச்சுக்கொண்டு, ஒடியல்மாவை எவ்வளவு நேரம் ஊறவைக்கிறது எண்டு தேடுது. அந்தப் பிள்ளையை நீங்கள் கூப்பிடத் தேவையில்லை, அது ஏற்கனவே அடுப்படியில நிக்குது. அதுக்கு மறுமொழி உங்கட பக்கத்தில இருந்தால் அது தானா உங்களிட்ட வரும், மறுமொழி சரியா இருந்தால் அடுத்த முறை மாவையும் உங்களிட்டத்தான் வாங்கும். இதைத்தான் பெரிய பேரா இன்பவுண்ட் மார்க்கெட்டிங் எண்டு சொல்லுறவை, 2006 வாக்கில பிரையன் ஹலிகனும் தர்மேஷ் ஷாவும் தொடங்கின ஹப்ஸ்பொட் கம்பனிதான் அந்தப் பேரை ஊரெல்லாம் பரப்பினது. பேர் புதுசு. கேட்டு வந்த ஆளுக்குப் பக்குவம் சொல்லிக் குடுத்து அனுப்பினால் அந்த ஆள் திரும்பி வரும் எண்டது உங்கட அம்மம்மாவுக்கும் தெரிஞ்ச விசயம்.

அமெரிக்காவில வேர்ஜீனியாவில ரிவர் பூல்ஸ் எண்டு நீச்சல்தடாகம் போடுற கம்பனி ஒண்டு. 2008 இல அங்க பொருளாதாரம் விழுந்தோடன சனம் தடாகம் கட்டுறதை விட்டிட்டுது, கம்பனி மூடுற நிலைமை. அதின்ர பங்காளர் மார்கஸ் ஷெரிடன் எண்டவர் என்ன செய்தார் எண்டால், வாற ஆக்கள் தன்னட்டக் கேக்கிற கேள்விகளை எழுதி, ஒவ்வொண்டுக்கும் ஒரு பக்கம் எண்டு தங்கட சைட்டில மறுமொழி எழுதிப் போட்டார். ஒரு தடாகம் என்ன விலை எண்ட கேள்விக்கும் ஒளிக்காமல் எழுதினார், மற்றக் கம்பனிகள் எல்லாம் வாய் திறக்காத கேள்வி அது. விலையைத் தேடின சனம் எல்லாம் அவரிட்ட வந்து நிண்டது, கம்பனியும் தப்பிச்சுது. இப்ப எங்கட ஆக்களின்ர பேஸ்புக் பக்கங்களைப் பாருங்கோ, விலை என்ன எண்டு கொமென்டில கேட்டால் உடன 'இன்பொக்ஸ் வாங்கோ'. கூகிளுக்கு இன்பொக்ஸுக்க போகத் தெரியாது. உங்கட சைட்டிலயும் விலை இல்லை, கனடாவுக்கு ஒரு கிலோ அனுப்ப என்ன செலவு எண்டு இல்லை, எத்தினை நாளில போகும் எண்டு இல்லை. இந்த மூண்டும் ஒரு பக்கமா முதல்ல வரவேணும். விலை கூடிக் குறையும் எண்டால், இன்ன திகதிக்கு இந்த விலை எண்டு போடுங்கோ. எந்தச் சாமானை எந்த நாட்டுக்கு விட மாட்டினம் எண்டதையும் விசாரிச்சு எழுதுங்கோ, பார்சல் மறிபட்டுக் கதை கேக்கிறதை விட அது நல்லது.

மற்றக் கேள்விகளை எங்க எடுக்கிறது எண்டு யோசிக்க வேண்டாம், ஆக்கள் என்ன சொல்லு அடிச்சுத் தேடினம் எண்டு பாக்கிற கீவேர்ட் ஆராய்ச்சிக்கு ஒருத்தருக்கும் காசு குடுக்கவும் வேண்டாம். உங்கட வட்ஸ்அப்பைத் திறவுங்கோ. கடைசி ஆறு மாசத்தில ஆக்கள் கேட்ட கேள்வி எல்லாத்தையும், குறிப்பா ஒண்டையே ரெண்டு மூண்டு பேர் கேட்டிருந்தால் அதை, ஒரு கொப்பியில அவை கேட்ட சொல்லிலயே எழுதுங்கோ, திருத்தாதேயுங்கோ. நீங்கள் கடிதத்தோட அனுப்பின வட்ஸ்அப் கதையிலயே எனக்கு நாலு பக்கம் கிடைச்சுது, ரெண்டை மட்டும் சொல்லுறன். 'பிள்ளை, உந்த மா கசக்குது, பழுதாப் போச்சோ' எண்டு ஒரு அம்மா கேட்டிருக்கிறா. நீங்கள் 'இல்லையம்மா, தண்ணியில ஊறப்போட்டு ரெண்டு தரம் வடிச்சுப்போட்டுக் காச்சுங்கோ, கசப்புப் போகும், தண்ணியை ஊத்திவிடுங்கோ' எண்டு வொய்ஸ் போட்டிருக்கிறியள். அந்த வொய்ஸை அப்பிடியே எழுதினால் அது ஒரு பக்கம், தலைப்பு 'ஒடியல்மா கசக்குதா?'. ஆடிக்கூழுக்கு ஒடியல்மா போடுறதோ எண்டு கேட்ட அந்த லண்டன் பெட்டைக்கு நீங்கள் சிரிச்சிருக்கிறியள், சிரிக்காதேயுங்கோ, அது ரெண்டாவது பக்கம். ஆடிக்கூழ் அரிசிமாவும் பயறும் பனங்கட்டியும் தேங்காய்ப்பாலும், ஒடியல்கூழ் மீனும் நண்டும் இறாலும், அங்க பிறந்த பிள்ளைக்கு ரெண்டும் கூழ்தான், எப்பிடித் தெரியும்? இதை ஆடிப்பிறப்புக்கு முதல்நாள் எழுதிப் போட்டுப் பிரயோசனம் இல்லை, ஆடிப்பிறப்பு வாறது யூலை நடுவில, கூகிள் பதிஞ்சு, பழகி, மேல கொண்டுவர நேரம் வேணும், ஆகவே சித்திரை வைகாசியிலயே பக்கம் ஏறியிருக்க வேணும். நல்லூர்த் திருவிழாவுக்கும் அப்பிடித்தான், 25 நாளும் முடிஞ்ச பிறகு வாறவைக்கு என்னத்தைக் காட்டுறது.

இன்னொரு இடமும் இருக்கு, கூகிள் பெட்டியில ஒடியல் எண்டு பாதி அடிச்சிட்டு நிப்பாட்டிப் பாருங்கோ, கீழ என்னென்ன காட்டுது எண்டு. அது ஆக்கள் உண்மையாத் தேடுற சொல்லுகள்.

சொல்லு எண்டோடன ஒண்டைக் கட்டாயம் சொல்ல வேணும், இதிலதான் எங்கட ஆக்கள் கனபேர் விழுறது. விக்கிற ஆள் சொல்லுற சொல்லும் தேடுற ஆள் அடிக்கிற சொல்லும் ஒண்டில்லை. நாங்கள் மிளகாய்த்தூள் எண்டால் மல்லி, மிளகு, சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை எல்லாம் போட்டு வறுத்து அரைச்ச தூள், இங்க ஒருத்தருக்கும் விளக்கத் தேவையில்லை. ஆனால் தமிழ்நாட்டு ஆளுக்கு மிளகாய்த்தூள் எண்டால் தனி மிளகாய், வேற ஒண்டும் இல்லை. உங்கட தூளை வாங்கிக் குழம்புக்கு ரெண்டு கரண்டி போட்டிட்டு, இது என்ன மிளகாய்த்தூள், மல்லி மணக்குது எண்டு ஒரு ஸ்டார் போட்டு ரிவியூ எழுதினால் பிழை ஆரில? எங்களுக்குச் செத்தல், அவைக்குக் காய்ஞ்ச மிளகாய். ஸ்காபரோவில பிறந்து வளந்த பிள்ளை இதில ஒண்டையும் அடிக்காது, அது ஆங்கிலத்தில ஜஃப்னா கறி பவுடர் எண்டு அடிக்கும், வெள்ளைக்காரர் எண்டால் ஸ்ரீலங்கன் ரோஸ்டட் கறி பவுடர் எண்டு அடிப்பினம். ஆகவே உங்கட பக்கத்தில மிளகாய்த்தூள் எண்டும் வரவேணும், கறித்தூள் எண்டும் வரவேணும், வறுத்து அரைச்சது எண்டும் வரவேணும், கதைக்கிற மாதிரி இயல்பா வந்தால் சரி, ஒரே சொல்லை முப்பது தரம் அடைஞ்சு வைக்கிறது பழைய காலத்துப் பழக்கம், இப்ப அது கெடுதல்.

சரக்குத்தூளுக்கு இன்னும் கவனம். பிள்ளை பெத்தவைக்குப் பத்தியக்கறி வைக்கிற தூள் எண்டு எங்களுக்குத் தெரியும், சரக்கு எண்டு தனிய எழுதினால் தமிழ்நாட்டு ஆக்களுக்கு வேற போத்தல் ஞாபகம் வரும் பாருங்கோ. பத்தியக்கறி எண்ட சொல்லைச் சேத்து எழுதுங்கோ. ஆனால் அது இந்த நோயை மாத்தும் அந்த நோயை மாத்தும் எண்டு எழுதாதேயுங்கோ, சாப்பாட்டுச் சாமான் விக்கிற ஆள் வைத்தியம் சொல்லப் போகக் கூடாது, கூகிளும் உடம்பு சம்பந்தப்பட்ட விசயத்தில மற்றதை விட இறுக்கமாத்தான் பாக்குது.

ஒடியலை ஆங்கில எழுத்தில எழுதுறதும் ஒரு கூத்து, ஒராள் வை எழுத்துப் போட்டு எழுதுவார், இன்னொராள் போடாமல் எழுதுவார், கூழை ரெண்டு ஓ போட்டு எழுதினால் குளிர் எண்ட சொல்லு மாதிரி நிக்கும். நீங்கள் ஒண்டைப் பிரதானமா வைச்சுக்கொண்டு மற்றதை எங்கயாவது ஒருக்கா, 'இப்பிடியும் எழுதுவினம்' எண்டு சொல்லிவிடுங்கோ. தமிழுக்கு ஒரு பக்கம், ஆங்கிலத்துக்குத் தனிப் பக்கம். ஒரே பக்கத்தில ரெண்டையும் சாம்பாறாக்க வேண்டாம்.

இப்ப உங்கட முன்பக்கத்தின்ர தலைப்பு என்னெண்டு பாத்தனீங்களோ? கூகிளில நீல நிறத்தில வாற வரி, அது உங்களுக்கு 'ஹோம்' எண்டு நிக்குது. உலகத்தில எத்தினை லட்சம் ஹோம். அதை எடுத்துப்போட்டு 'யாழ்ப்பாணத்து வறுத்த மிளகாய்த்தூள், ஒடியல்மா – சுன்னாகம்' எண்டு போட்டு, பின்னால கடைப்பேரைப் போடுங்கோ. நீளமாப் போனால் கூகிள் வெட்டிப்போடும், ஆகவே முக்கியமானது முன்னுக்கு வரவேணும். ஒவ்வொரு சாமானுக்கும் தனிப் பக்கம், தனித் தலைப்பு. அந்தக் கம்பனிக்காரர் தன்ர பட்டியலில 'மெட்டா கீவேர்ட் 100' எண்டும் போட்டிருக்கிறார், அது பக்கத்தின்ர கோடுக்குள்ள ஆக்களுக்குத் தெரியாமல் சொல்லுகளை எழுதி வைக்கிற இடம், அந்த இடத்தைத் தாங்கள் வரிசைப்படுத்தப் பாக்கிறேல்லை எண்டு கூகிள் 2009 இலயே சொல்லிப்போட்டுது. செத்த பாம்பை அடிக்கிறதுக்கும் காசு கேக்கிறார்.

இனி அந்த 5,000 லிங்க். இது எங்க இருந்து வந்தது எண்டால், 1998 இல லரி பேஜும் செர்ஜி பிரினும் கூகிளைத் தொடங்கேக்க அவையின்ர கெட்டித்தனமே இதுதான், ஒரு பக்கத்துக்கு மற்றப் பக்கங்கள் லிங்க் குடுத்தால் அதை ஒரு வோட்டு மாதிரி எண்ணுறது, அதிலயும் பெரிய இடத்தின்ர வோட்டுக்குப் பெறுமதி கூட. வோட்டு எண்டு வந்தால் கள்ளவோட்டும் வரும் தானே, எங்களுக்குச் சொல்லியா தரவேணும். காசுக்கு லிங்க் விக்கிற கூட்டம் பெருகிச்சு, அதைப் பிடிக்கிறதுக்கு 2012 சித்திரையில பென்குயின் எண்டு ஒரு மாற்றத்தைக் கூகிள் கொண்டு வந்து, கனபேரின்ர சைட் ஒரே இரவில அடியில போச்சு. இப்ப அனேகமா அப்பிடி லிங்குகளை எண்ணாமலே விட்டுவிடும், ஆகக் கூடினால் தண்டனையும் விழும். அப்ப நீங்கள் 45,000 கட்டி வாங்கிறது ஒண்டில் வெறும் காத்து, இல்லாட்டி வில்லங்கம்.

நல்ல லிங்க் எப்பிடி வரும்? உங்கட தூளை எடுத்து விக்கிற கடை ஸ்காபரோவில ஒண்டு இருக்கு எண்டு எழுதியிருக்கிறியள், அவைக்குச் சைட் இருந்தால் இந்தத் தூள் எங்க செய்யிறது எண்டு ஒரு வரி போட்டு உங்களுக்கு லிங்க் குடுக்கச் சொல்லுங்கோ. நீங்கள் படிச்ச பள்ளிக்கூடத்தின்ர பழைய மாணவியர் சங்கம் வெளிநாட்டில விழா வைக்கேக்க சாமான் குடுக்கிறனீங்கள் எண்டால் அவையின்ர பக்கத்திலயும் பேர் வரலாம். சமையல் எழுதுற ஆக்கள் ரெண்டு பேருக்கு உங்கட ஒடியல்கூழ்ப் பக்கத்தைக் காட்டுங்கோ, பக்கம் நல்லா இருந்தால் அவையே குடுப்பினம். இப்பிடி வாற ஏழெட்டு, அந்த அஞ்சாயிரத்தை விடப் பெறுமதி.

ஏஐயிட்டக் குடுத்து நூறு கட்டுரை எழுதிப் போடலாமே எண்டும் ஒராள் உங்களுக்குச் சொல்லுவார், சொல்லியிருப்பார். ஆக்களுக்குப் பிரயோசனம் இல்லாமல் மூட்டை மூட்டையாப் பக்கம் செய்து குவிக்கிறதை 2024 பங்குனியில கூகிள் ஸ்பாம் பட்டியலில போட்டிட்டுது, அது மெசினால எழுதினாலும் சரி, மனுசர் எழுதினாலும் சரி. அதை விடுவம், என்னட்ட வந்த ஒரு தூள்காரர் அப்பிடி எழுதுவிச்ச பக்கத்தை வாசிச்சனான், எங்கட தூளுக்குக் கடலைப்பருப்பும் பெருங்காயமும் வறுத்துப் போடச் சொல்லியிருக்கு. அம்மாக்கள் பாத்தால் அகப்பையைத் தூக்குவினம். உங்கட அம்மா எந்தப் பதத்தில மல்லியை அடுப்பால இறக்கிறா, செத்தலைக் கடைசியா வறுக்கிறது ஏன், தும்மல் வராமல் இருக்க என்ன செய்யிறவ எண்டு ஒரு பக்கம் எழுதுங்கோ, அவவின்ர கையையும் தாச்சியையும் படம் எடுத்துப் போடுங்கோ, முகம் வேண்டாம் எண்டால் விடுங்கோ. 2022 மார்கழியில கூகிள் தன்ர தர அளவுகோலில அனுபவம் எண்டு ஒண்டைப் புதுசாச் சேத்தது, எழுதின ஆள் அந்த வேலையைத் தானே செய்த ஆளோ எண்டு பாக்கச் சொல்லி. அந்தச் சோதனையில உங்கட அம்மாவை ஆர் வெல்லுறது?

கூகிள் மப்பில கடையைப் பதியுறதும் செய்யுங்கோ, அது சுகம், இலவசம். வீட்டு முகவரி தெரிய வேண்டாம் எண்டால் மறைச்சு, நீங்கள் நேர கொண்டுபோய்ச் சாமான் குடுக்கிற இடங்களை மட்டும் போடலாம், ஆனால் விடுமுறைக்கு வாற ஆக்கள் நேர வந்து வாங்கோணும் எண்டால் முகவரி வேணும். பேருக்குப் பின்னால பெஸ்ட் ஜஃப்னா கறி பவுடர் எண்டு வால் ஒட்டாதேயுங்கோ, போர்டில என்ன பேரோ அதுதான். ரிவியூ கேக்கலாம், ஆனால் ரிவியூ போட்டால் பத்து வீதம் கழிவு எண்டு சொல்லக் கூடாது, அது விதிக்கு மாறு.

எல்லாம் செய்தாப் பிறகு நாளுக்கு நாலு தரம் போய்ப் பாத்து மனம் சோராதேயுங்கோ. மாசத்துக்கு ஒருக்கா சேர்ச் கொன்சோலைத் திறந்து, என்ன சொல்லைத் தேடின ஆக்களுக்கு உங்களைக் காட்டியிருக்கு, எத்தினை பேர் அமத்தியிருக்கினம் எண்டு பாருங்கோ. கனக்கக் காட்டியும் ஒருத்தரும் அமத்தேல்லை எண்டால் தலைப்பு சரியில்லை, மாத்துங்கோ. நீங்கள் நினைக்காத ஒரு சொல்லில சனம் வந்துகொண்டிருந்தால் அதுக்கு ஒரு பக்கம் எழுதுங்கோ. முதல் ரெண்டு மூண்டு மாசம் பத்துப் பதினைஞ்சு பேர்தான் வருவினம், அதில ஒராள் வாங்கினாலே பூஸ்டில விழுந்த எல்லா லைக்கையும் விட அது திறம்.

கடைசியா, நீங்கள் கேக்கேல்லை, ஆனால் எனக்கு இது நெருடுது. சைட் செய்து 14 மாசம் எண்டால் டொமைனை, அதாவது சைட்டின்ர முகவரியை, ஒருக்காப் புதுப்பிச்சிருக்க வேணும். ஆர் புதுப்பிச்சது? ஆரின்ர பேரில, ஆரின்ர ஈமெயிலில கிடக்கு? தம்பி தன்ர பேரில எடுத்திருந்தால் அவர் நாளைக்கு வெளிநாடு போனால் உங்கட கடை முகவரியும் அவரோட போயிடும், என்னட்ட வாறதில கனபேருக்கு இதுதான் தலையிடி. பெட்டியில ரிக் எடுக்கச் சொல்லி அவருக்குப் போன் எடுக்கேக்கயே இதையும் கேட்டு, டொமைனையும் சைட்டை வைச்சிருக்கிற ஹோஸ்டிங் கணக்கையும் உங்கட பேருக்கு மாத்தி, பாஸ்வேர்ட் எல்லாத்தையும் ஒரு தாளில எழுதி வாங்குங்கோ. அந்தத் தாளையும் அலுமாரிக்குள்ள, காப்புக்குப் பக்கத்தில வைச்சுப் பூட்டுங்கோ.